ஊர் பேர் தெரியாத மரம்

நாலாவது மரக்கடைக்காரரும் வில்லை வாங்கி முகர்ந்து பார்த்தார், நகத்தால் கீறினார், காதருகே வைத்துச் சுண்டினார். கோயமுத்தூர் பெரிய டாக்டர் கூட அத்தனை கவனமாக ஒருத்தரைப் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆச்சா மரம் மாதிரி தெரியுதுங்க. ஆனா ஆச்சா இல்லீங்க" என்றார்.

"நான் கூட மாப்பிள்ளை மாதிரி தெரிவனுங்க. ஆனா எவனும் பொண்ணு குடுக்கல" என்றான் பசீர் அகமது.

மரக்கடைக்காரர் சிரித்தார். துப்பறியும் வேலுமணி சிரிக்கவில்லை. பசீரும் உள்ளுக்குள் சிரிக்கவில்லை. அவனுக்குப் பயம் வந்தால் வாயில் வேடிக்கைப் பேச்சுதான் வரும். விஜயதசமி முடிந்ததிலிருந்து அவன் வாய் ஓயவே இல்லை.

முதல் கடையில் தடசு என்றார்கள். அடுத்த கடையில் வெள்வேல். மூன்றாவது கடைக்காரர் மஞ்சக்கடம்பு என்று சத்தியமே செய்தார். வில் என்னவோ ஒன்றுதான். வெளிர் பழுப்பு நிறம், இரும்பு மாதிரி கனம், வளைத்தால் முறுக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கும்.

"ஒரு புள்ளைக்கு நாலு பேரு வெச்சுட்டாங்க. அப்பன் யாருன்னு மட்டும் தெரியல" என்று சொல்லிக்கொண்டே பசீர் வில்லைப் பனியன் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வேலுமணியின் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரின் பின்னால் ஏறினான்.

இந்த வில்லால் ஒருவர் சாகக் கிடந்தார். இன்னொருவர் லாக்கப்பில் கிடந்தார். லாக்கப்பில் கிடந்தவர் கைருதீன், பசீரின் அக்கா சைதுன்னிசாவின் புருஷன்.

விஜயதசமி சாயங்காலம் கோயில் மைதானத்தில் அம்பு சேர்வை. சுவாமி குதிரை வாகனத்தில் வந்து நிற்க, குருக்கள் நட்டுவைத்த வாழை மரத்தின் மேல் அம்பு விடுவார். அதற்கு முன்னால் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருக்குப் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வது வழக்கம். தலைமுறை தலைமுறையாக அருள்புரம் செங்கோட்டையன் குடும்பத்துக்கு நடந்து வந்த மரியாதை அது. இந்த வருஷம் பனியன் கம்பெனி சாமியப்பனுக்குக் கட்டினார்கள். குருக்கள் துணியைச் சாமியப்பனின் தலையில் சுற்றி முடிச்சுப் போட்ட அந்த நொடியில், எங்கிருந்தோ ஓர் அம்பு வந்து அவர் மார்பில் தைத்தது. மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் விழுந்ததைக் கூட்டம் புரிந்துகொள்வதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

மைதானத்தை ஒட்டித்தான் சாமியப்பனின் பஞ்சுக் குடோன். போலீஸ் உள்ளே புகுந்தபோது கைருதீன் தன் பஞ்சு வில்லின் நரம்பைச் சுண்டித் தன்னந்தனியாகப் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார். அவர் அடித்த பஞ்சுக் குவியலுக்கு அடியில் இந்த வில் இருந்தது. போன மாதந்தான் சாமியப்பன் பஞ்சு அடிக்க மிஷின் வாங்கப்போவதாகச் சொல்லி, இருவருக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. இன்ஸ்பெக்டருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"வில்லுப் புடிக்கிறவன், வில்லுல அடிச்சிருக்கான். நாளைக்குக் காலையில கோயமுத்தூர் கோர்ட்டுக்குக் கொண்டுபோறேன்" என்றார் அவர்.

"பஞ்சு வில்லு வளையாதுங்க. நரம்பு துடிக்கும், மரம் அசையாது. அதைப் புடிச்சவனுக்கு அம்பு விடத் தெரியும்னா, வீணை வாசிக்கிறவனுக்கு வெறகு பொளக்கத் தெரியும்னு சொல்லலாமுங்க" என்று வேலுமணி வாதாடினார்.

வேலுமணி ஹெட் கான்ஸ்டபிள் உத்தியோகத்தை உதறிவிட்டுக் காதர்பேட்டையில் நூல் கடைக்கு மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டவர்; பசீர் அவருக்கு உதவியாள். பழைய சிநேகிதத்துக்காக இன்ஸ்பெக்டர் வில்லை ஒரு பகல் பொழுதுக்குக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் வில் ஸ்டேஷனுக்கு வந்துவிட வேண்டும். அந்த ஸ்டேஷன் வாசலில்தான் சைதுன்னிசா முந்தாநாளிலிருந்து தலையில் முக்காடோடு உட்கார்ந்திருந்தாள். சாமியப்பன் கண் விழிக்காமலே போய்விட்டால் அது கொலை வழக்கு. அவள் தம்பியைப் பார்த்த பார்வையில் அது இருந்தது. பசீரால் அந்தப் பார்வையை நினைத்தாலே தாங்க முடியவில்லை.

பல்லடம் ரோட்டில் ஒரு டீக்கடையில் வேலுமணி வண்டியை நிறுத்தினார். வில்லைப் பிரித்து பெஞ்சில் கிடத்தினார்.

"நாம முட்டாளுக பசீரு. இந்த மரம் இந்த ஊருக்கு மரமா வந்திருந்தா, நாலு பேருல ஒருத்தனாச்சும் கண்டுபுடிச்சிருப்பான். மரமா வரல. வேற ஏதோ சாமானா வந்திருக்குது."

"சாமானுன்னா? கட்டிலுங்களா?"

"இதைப் பாரு. நடுவுல கை புடிக்கிற எடத்துல நூல் சுத்தியிருக்கான், சரி. இங்க எதுக்கு நூலு? அங்க எதுக்கு நூலு?"

பசீர் குனிந்து பார்த்தான். கைப்பிடிக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம். கையே படாத இடங்களில் நெருக்கமாகப் பனியன் நூல் சுற்றியிருந்தது. அழகுக்குச் சுற்றியதாக எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

வேலுமணி பிளேடால் நூலை அறுத்தார். உள்ளே மரம் வழவழவென்று குழிந்து, கறுத்துப் போயிருந்தது. மற்ற பக்கத்தையும் அறுத்தார். அங்கேயும் அதே குழி, அதே கறுப்பு. கைப்பிடியில் சுற்றியிருந்ததையும் அறுத்தபோது இரண்டு துண்டு மரம் ஒன்றோடொன்று வெட்டிப் பொருத்தி ஒட்டியிருப்பது தெரிந்தது. பொருத்தின இடத்தில் போல்ட் ஓட்டைகளை ஆப்பு வைத்து அடைத்திருந்தார்கள்.

"புது வில்லு. ஆனா தேய்மானம் பழசு. வருசக்கணக்கா ஒரே எடத்துல தோல்வார் ஒரசியிருக்குது. மரத்தோட பேரு எனக்கு வேண்டாம் பசீரு. அது இத்தனை நாளா என்ன வேலை பாத்துச்சுன்னு சொன்னாப் போதும்."

"செருப்புக் கட்டையா?"

"ரெண்டும் ஒரே மாதிரி. ஜோடியா வேலை பாத்த கட்டை. எண்ணெயில ஊறுன கட்டை, மோந்து பாரு."

பசீர் முகர்ந்தான். மரத்தின் வாசனை துளியும் இல்லை. மிஷின் எண்ணெய்தான் மூக்கில் ஏறியது. அவன் இந்த வேலைக்கு வருமுன் கழிவுப் பஞ்சும் கழிவு நூலும் வாங்கச் சந்துபொந்தெல்லாம் ஏறி இறங்கியவன். வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தறியிங்ணா" என்றான். "பவர்லூம் தறி. நூல்கண்டு வெச்ச நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிச்சு வெரட்டுமே, அந்த பிக்கிங் ஸ்டிக். தோல்வார்தான் அதைச் சுண்டி இழுக்கும். ஒரு தறிக்கு வலது ஒண்ணு, எடது ஒண்ணு."

"இந்த மரத்துல?"

"உள்ளூர்த் தறிக்கெல்லாம் உள்ளூர் மரந்தானுங்க. இது சீமைத் தறியில வந்த கட்டை. பம்பாய்ல மூடுன மில்லுலயிருந்து சீமைத் தறி கொண்டாந்தவரு இந்தப் பக்கத்துல ஒருத்தருதான்." "அருள்புரம் செங்கோட்டையன்."

பரிவட்டம் பறிபோன அதே செங்கோட்டையன். அம்பு பாய்ந்தபோது ஊரே பார்க்கச் சாமியப்பனுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றவர். அதனாலேயே யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. ஆள் வைத்துச் செய்திருப்பார் என்று பசீருக்கு அந்த டீக்கடையிலேயே தீர்மானமாகிவிட்டது. டீ ஆறிப் போனதை இருவரும் கவனிக்கவில்லை.

தறிப்பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். தறிகள் நின்றிருந்தன. ஆட்கள் வெளியே வேப்ப மரத்தடியில் தூக்குப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் அறையில் செங்கோட்டையன் நெற்றியில் சந்தனத்தோடு, வீங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்பானரும் எண்ணெய்த் துணியுமாக ஃபிட்டர் மணியன் நின்றான். அவரிடம் சின்ன வயதிலிருந்தே வேலை பார்ப்பவன், பசீருக்கும் தெரிந்தவன்தான்.

"வாங்க வேலுமணி, உக்காருங்க. மணியா, மோர் கொண்டாரச் சொல்லு."

"மோர் இருக்கட்டுமுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, ஆயுத பூஜைக்குத் தறிக்கெல்லாம் பொட்டு வெச்சீங்களா?"

செங்கோட்டையன் வேடிக்கையாகப் பார்த்தார். "அதென்ன கேள்விங்க? எங்கூட்டுக்கார அம்மா சந்தனம் அரைச்சு எடுத்தாந்தா ஒரு போல்ட்டை விடமாட்டாங்க. கட்டைக்கு, நாடாவுக்கு, எண்ணெய்க் கேனுக்குக் கூடப் பொட்டு உண்டு."

"அப்ப வேலை சுலபமுங்க." வேலுமணி வில்லை மேஜை மேல் வைத்தார். "சாமியப்பன அடிச்ச வில்லு. இது உங்க தறிக் கட்டை. வெட்டி ஒட்டிக் காய வெக்கவே நாளாகும், அதனால உருவுனவன் பூஜைக்கு முன்னாலயே உருவியிருக்கான். பூஜை அன்னைக்கு அந்தத் தறிக்குக் கட்டையே இல்ல. வேற கட்டை பொறகுதான் மாட்டியிருக்கான். அதுக்குப் பொட்டு இருக்காது. நான் இப்பவே உள்ள போய்ப் பாத்தா, நானே பொட்டைத் தொடைச்சேன்னு நாளைக்கு கோர்ட்டுல சொல்லுவாங்க. இன்ஸ்பெக்டரைக் கூட்டியாந்து அவரு கண்ணு முன்னால பாத்துக்கறேன்."

செங்கோட்டையனின் முகம் வெளுத்தது. மணியன் ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டு வந்துடறனுங்க மொதலாளி" என்று வெளியே போனான்.

வண்டியருகே வந்ததும் பசீர் வேலுமணியின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏனுங்ணா, புத்தி கெட்டுப் போச்சா? அவரு முன்னாலயே சொல்லிட்டீங்களே! நீங்க அக்கட்ட போனதும் ஆளை விட்டு அழிச்சுடுவாருங்க. எங்க மச்சான் உசுருங்ணா!"

"அதனாலதான் உன்னை விட்டுட்டுப் போறேன். செங்கோட்டையனை உட்டு நகராதே. அவரு எச்சில் துப்பப் போனாலும் கூடப் போ. யாரு கூடயும் பேச விடாதே."

லாம்ப்ரெட்டா புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. பசீர் ஆபீஸ் அறைக்குத் திரும்பி, கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு முழம் துணி தலைக்கு வரவில்லை என்று ஒருவரைச் சாய்த்துவிட்டு, ஒன்றுமறியாத கைருதீனைத் தூக்குமேடைக்கு அனுப்பப் பார்க்கிறாரே, இவருக்குச் சோறு எப்படி இறங்குகிறது?

"தறிப் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வந்துடறனே தம்பி" என்று செங்கோட்டையன் எழுந்தார்.

"உக்காருங்க மொதலாளி. எனக்குத் தனியா இருந்தா பயமுங்க" என்றான் பசீர். வேடிக்கை பாதி, மிரட்டல் பாதி. அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பசீர் தனக்குத் தெரிந்த கதையெல்லாம் சொன்னான். மாமியார் கதை, மாடு கதை, மணப்பாறைச் சந்தைக் கதை. ஒன்றுக்கும் அவர் சிரிக்கவில்லை.

ஒருவழியாக வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. வேலுமணியோடு இன்ஸ்பெக்டர் இறங்கினார். செங்கோட்டையன், பசீர், சாப்பாடு முடிந்து திரும்பிய மணியன், எல்லோரும் அவர்கள் பின்னால் பட்டறைக்குள் போனார்கள்.

முதல் தறி. இரண்டு கட்டையிலும் சந்தனமும் குங்குமமும். அடுத்த தறியிலும் அப்படியே. பழைய சீமைக் கட்டை, மாற்றின உள்ளூர்க் கட்டை, எதிலும் பொட்டு இல்லாமல் இல்லை. பசீர் ஓடி ஓடிப் பார்த்தான். ஒரு வரிசை முடிந்தது. இன்னொரு வரிசை முடிந்தது. கடைசித் தறியிலும் பொட்டு இருந்தது.

"எல்லாத்துக்கும் பொட்டு இருக்குதே வேலுமணி?" இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என் நேரத்தை வீணாக்கிட்டீங்க."

வேலுமணி இதுவரை எந்தக் கட்டையையும் கண்ணால் பார்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் பசீர் கவனித்தான். அவர் ஒவ்வொரு கட்டையின் பொட்டிலும் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே பின்னால் மெல்ல வந்துகொண்டிருந்தார். அழுத்தின இடத்திலெல்லாம் காய்ந்த சந்தனம் பொருக்கு விட்டு உதிர்ந்தது. ஜன்னலோரத் தறியில் அவர் விரல் நின்றது. விரலை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் காட்டினார்.

விரலில் சந்தனம் ஈரமாக ஒட்டியிருந்தது.

"ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம் இன்னும் காயலீங்களாம். சும்மா உட்டிருந்தா, பொட்டு இல்லாத கட்டைக்கு ஆயிரம் காரணம் சொல்லியிருக்கலாம். எது பொட்டில்லாத கட்டைன்னு அதை மாட்டுனவனுக்குத்தான் தெரியும். பாவம், நான் போனதும் ஓடியாந்து வெச்சுட்டான்."

பசீர் பாய்ந்து செங்கோட்டையனின் சட்டையைப் பிடித்துவிட்டான். "பெரிய மனுசனா நீங்க? நீங்களும் ஒரு—"

"உடு பசீரு!" வேலுமணி அதட்டினார். "அவரு உன்னை உட்டு நகர்ந்தாரா?"

"இல்லீங்க."

"யாருகூடயாச்சும் பேசினாரா? சாடை காட்டினாரா?"

பசீரின் பிடி தளர்ந்தது. "நாந்தானுங்க பேசினேன். அவரு தண்ணி குடிக்கக் கூட எந்திரிக்கல."

"அப்ப அவருக்குச் சாட்சி நீதான். கட்டையைப் பத்திச் சொன்னப்போ அந்த ரூம்ல இன்னொருத்தன் நின்னான்." வேலுமணி திரும்பினார். "மணியா, கையக் காட்டு."

மணியன் கையை நீட்டவில்லை. இன்ஸ்பெக்டர் பிடித்து இழுத்தார். சோப்புப் போட்டுக் கழுவின கை. ஆனால் நகக்கண்ணில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. எண்ணெயில் ஊறின கையில் சந்தனம் மணத்தது. அவன் அப்படியே தரையில் குத்தவைத்துவிட்டான்.

"ஆளைக் கொல்லறதுக்கு அடிக்கலீங்க" என்றான். "தலைத்துணியத்தான் குறி வெச்சேன். குடோன் கூரை மேல இருந்து. துணி கீழ உழுந்தா, சாமிக்கே இஷ்டமில்லைன்னு ஊரு சொல்லும், மறுபடி எங்க மொதலாளிக்கே கட்டுவாங்கன்னு நெனைச்சேன். ரெண்டு கட்டையை ஒட்டுன வில்லுங்க. முழுசா இழுத்தப்போ பொருத்து நெகிழ்ந்து போச்சு. அம்பு தாழ்ந்துருச்சு."

"அட பாவி!" செங்கோட்டையன் தறியைப் பிடித்துக்கொண்டார். "உன்னை எவன்டா கேட்டான்? முழங்கால் முடியலைன்னு நானேதாண்டா சாமியப்பனைக் கட்டிக்கச் சொன்னேன்! ஊருல யாருகிட்டயும் சொல்லல, அவ்வளவுதான்."

மணியன் அண்ணாந்து அவரைப் பார்த்தான். அப்போதுதான் அவன் முகம் உடைந்தது.

பசீருக்கு அவன் மேல் ஒரு கணம் இரக்கம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவன் மணியனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"அம்பு தாழ்ந்துச்சு, சரி. குடோனுக்குப் பின்னால வாய்க்கால் ஓடுது மணியண்ணா. வில்லைத் தூக்கி அதுல வீசியிருக்கலாம். எங்க மச்சான் அடிச்ச பஞ்சுக்குள்ள எதுக்குச் சொருகுனீங்க?"

மணியன் தரையிலிருந்த எண்ணெய்க் கறையை விரலால் தேய்த்தான்.

"சொல்லுங்க. உங்க மக கண்ணாலத்துக்கு மெத்தை அடிச்சுக் குடுத்தது யாரு? உங்கூட்டுல உக்காந்து ரெண்டு நாளு அடிச்சாரே, யாரு?"

"கைருதீன் பாய்தானுங்க." குரல் கேட்கவே இல்லை. "கூச்சல் கேட்டு அவரு வாசலுக்கு ஓடுனப்போ சொருகிட்டனுங்க. வில்லுன்னா அவரைத்தான் நெனைப்பாங்கன்னு தோணுச்சுங்க. வேற யாரையும் தேட மாட்டாங்கன்னு."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மணியனை வெளியே நடத்திக்கொண்டு போனார். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

ஸ்டேஷனில் லாக்கப்பைத் திறந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கைருதீன் வெளியே வந்தார். தாடியிலும் சட்டையிலும் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. சைதுன்னிசா எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் அவளருகே போனார். சாமியப்பன் கண் விழித்துவிட்டாரா என்று முதலில் கேட்டார். இன்னும் இல்லை என்றதும் அவருக்காக ஏதோ துஆ முணுமுணுத்தார்.

பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார். "யாருன்னு தெரிஞ்சுதா பசீரு?"

பசீர் வேலுமணியைப் பார்த்தான். வேலுமணி வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி சட்டைப் பையைத் துழாவினார்.

"மணியண்ணனுங்க மச்சான்" என்றான் பசீர். "வில்லைப் பஞ்சுக்குள்ள வெச்சதும் அவருதான். உங்களைப் புடிப்பாங்கன்னு தெரிஞ்சேதான் வெச்சாராம்."

கைருதீன் சிரித்துவிட்டார். லாக்கப்பிலிருந்து வந்தவர் மாதிரியே இல்லை, வாய் நிறையச் சிரித்தார். "கேட்டியா சைதா, உந்தம்பிக்கு இந்த நேரத்துலயும் வெளையாட்டு. மணியனாம்! போன வெள்ளிக்கிழமை கூட ஊட்டுக்கு வந்து டீ குடிச்சுட்டுப் போனாப்ல. நெசத்தைச் சொல்லு பசீரு, யாரு?"

பசீர் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் நிற்பதைக் கைருதீன் இதுவரை பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு தாடியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட ஆரம்பித்தார்.